ரோட்டுத் தண்ணியும் எங்க வீட்டுக் கிணறும்

போன ஐப்பசியில மொத மழை பிடிச்ச அன்னைக்கு, புளியங்குடி மெயின் ரோட்டுல ஒரு டீக்கடை ஓரமா ஒதுங்கி நின்னேன். கூட அக்கா பையன். மூணு மாசமா ஒரு பொட்டு ஈரம் படாத ரோடு. பத்து நிமிஷம் அடிச்சு ஊத்துச்சு. ரோட்டோரமா தண்ணி காப்பிக் கலர்ல இல்ல, கறுப்பா ஓடுச்சு. லாரி நின்னுட்டுப் போன இடத்துல மட்டும் ஊதாவும் பச்சையுமா ஒரு படலம்.

"மாமா, தண்ணில ரெயின்போ பாருங்க"ன்னான்.

அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அதே வானவில்ல நான் இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக் கிணத்துக்குள்ள பாத்திருக்கேன். அந்தக் கதையும், அதுக்குப் பின்னால இருக்கிற நூறு வருஷத்து ரோட்டுக் கதையும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ கையில எடுத்துக்கிட்டு வாங்க மக்களே :-)

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி

எங்க ஆச்சிக்கு மழைத் தண்ணின்னா உசிரு. ஓட்டு வீடு. தாழ்வாரத்துல அண்டா, குத்துப்போணி, தவலைன்னு வரிசையா வைப்பா. ஆனா மொத மழைக்கு ஒரு செம்பு கூட வைக்கமாட்டா. நான் சின்னப்பய, "ஆச்சி தண்ணி வீணாப் போகுதே"ன்னு குதிப்பேன்.

"மொத மழை ஊரக் குளிப்பாட்டுறதுக்கு வருதுல. குளிச்ச தண்ணிய எவனாவது குடிப்பானா? ரெண்டாவது மழை நமக்கு"ன்னுவா.

பள்ளிக்கூடம் போகாத பொம்பள. அவ சொன்ன விஷயத்துக்கு இன்னைக்கு இன்ஜினியர்கள் 'முதல் அலசல்'னு பேரு வச்சிருக்காங்க. மழை தொடங்குன கொஞ்ச நேரத்துல ஓடி வர்ற தண்ணியிலதான் அழுக்கு அதிகம், அதை வெளிய விட்டுட்டு அடுத்ததப் பிடிங்கன்னு வடிகால் புத்தகமெல்லாம் சொல்லுது. ஆச்சி பேசுனது கூரைத் தண்ணியப் பத்தி. ரோட்டுத் தண்ணி அவளோட கணக்குலயே கிடையாது. எங்க சித்தப்பா கணக்குல இருந்துச்சு. அங்கதான் வினை.

2003

அந்த வருஷம் உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். தொடர்ந்து ரெண்டு மூணு வருஷம் மழை ஏமாத்தி, தமிழ்நாடு முழுக்க வறட்சி. ஜெயலலிதா ஆட்சியில, எல்லாக் கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அவசரச் சட்டம் வந்துச்சு. ஊரெல்லாம் பைப்பு, குழி, ஜல்லி, மணல்.

எங்க வீட்டுலயும் வச்சோம். கூரைத் தண்ணி குழாய் வழியா இறங்கி, ஜல்லி மணல் போட்ட குழிக்குள்ள போயிரும். அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா எங்க சித்தப்பாவுக்கு அது பத்தல. "கூரை எம்புட்டுக் கூரை? தெருவுல ஆறா ஓடுதே, அத விட்டுப்புட்டு இத நக்கிக்கிட்டு இருக்கோம்"னாரு. வத்திப் போயிக் கெடந்த எங்க பழைய கிணத்துக்கு, தெரு வாறுகால்ல இருந்து ஒரு சின்ன ஓடை வெட்டி விட்டாரு. குழி கிடையாது, மணல் கிடையாது. நேரா உள்ள.

அந்த ஐப்பசியில கிணறு ரெண்டு ஆள் ஒசரம் ஏறுச்சு. சித்தப்பா கால் தரையில படல. தெருவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

நாலு நாள் கழிச்சு வாளியில கறுப்பா பிசுக்கு. கயிறெல்லாம் டீசல் வாடை. வெயில் நேரா விழுறப்ப தண்ணி மேல ஊதா, பச்சை, மஞ்சள். எங்க தெரு மேட்டுல அப்ப லாரி வேலை பாக்குற பட்டறை ரெண்டு இருந்துச்சு. ஆயில் மாத்துறது, கழுவுறது எல்லாம் தெருவுலதான். யாரையும் குறை சொல்ல இல்ல, அன்னைக்கு எல்லா ஊர்லயும் அப்படித்தான்.

மோட்டார் போட்டு எறச்சோம். பிளீச்சிங் பவுடர் போட்டோம். திரும்ப ஊறி வந்தா திரும்ப வாடை. கொடுமை என்னன்னா, இருபது அடி தள்ளி பக்கத்து வீட்டு அத்தை கிணத்துலயும் வாடை வந்துருச்சு. அவங்க ஒரு வார்த்தை சண்டை போடல. குடத்த எடுத்துக்கிட்டு தெருக்குழாய்க்கு நடந்தாங்க, அம்புட்டுதான். அவங்க குடத்தோட எங்க வாசலத் தாண்டிப் போறப்பலாம் சித்தப்பா உள்ள எந்திரிச்சுப் போயிருவாரு. திட்டியிருந்தா கூட தேவலன்னு எனக்குத் தோணும்.

சித்தப்பா ஓடைய அவரே மூடுனாரு. நல்லது செய்யப் போயி கெட்டது நடந்தா, எங்க தப்புப் பண்ணோம்னு மனுசன் தேடத்தான் செய்வான். சித்தப்பா தேடல. நான் தேடுனேன். தேடுனது இதெல்லாம்.

ரோடுன்னா என்னவா இருந்துச்சு?

தெக்குச்சீமையில பழைய ரோடுன்னா மொதல்ல வர்ற பேரு ராணி மங்கம்மாள். மதுரை நாயக்கர் அரசுல 1689ல இருந்து 1706 வரைக்கும் பேரனுக்காக ஆட்சி பண்ணினவங்க. சாலை போட்டாங்க, சத்திரம் கட்டினாங்க, மரம் வச்சாங்க. இன்னைக்கும் நம்ம பக்கம் 'மங்கம்மா சாலை'ன்னு சொல்ற இடங்க உண்டு.

அந்த ரோடு மண்ணும் சரளையும். மழை பெய்ஞ்சா பாதித் தண்ணிய ரோடே குடிச்சிரும். மிச்சத்துல வர்றது மாட்டுச் சாணி, வைக்கோல், புளிய இலை. வண்டி அச்சுக்குப் போடுற மை கூட வெளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும்தான். இதெல்லாம் குளத்துக்குப் போனா உரம். கோடையில குளத்துக் கரம்பைய வெட்டி வயலுக்கு அடிச்சாங்கன்னா, அதுல ரோட்டுச் சாணிக்கும் பங்கு உண்டு. ரோட்டுத் தண்ணி குளத்துக்குப் போறது தப்பில்ல, அது லாபம்கிற நெனப்பு அப்பவே நம்ம ஆளுங்க மனசுல ஊறிப்போச்சு. எங்க சித்தப்பா மனசுலயும் அதான் இருந்திருக்கு. ரோடு மாறினது அவருக்குத் தெரியல.

எப்ப மாறுச்சு?

ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம், 1810கள்ல உடைச்ச கல்ல அடுக்கி ரோடு போடுற முறையக் கொண்டு வந்தாரு. மாட்டுவண்டி, குதிரைவண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டி வந்ததும் ஒரே புழுதி. இங்கிலாந்துல ஹூலின்னு ஒரு சர்வேயர், கொட்டிப் போன தார் மேல இரும்பாலைக் கசடப் போட்டு மூடுன இடத்துல புழுதியே பறக்காததப் பாத்து, 1902ல அதுக்குக் காப்புரிமை வாங்குனாருன்னு சொல்வாங்க. நாம இன்னைக்கும் 'தார் ரோடு'ன்னு சொல்றது அந்தப் பரம்பரைதான் (இப்பப் போடுறது நிலக்கரித் தார் இல்ல, பெட்ரோலியத்துல வர்ற பிட்டுமன்).

நம்ம நாட்டுல 1927ல ஜெயகர் கமிட்டி. அது சொன்னபடி பெட்ரோலுக்கு வரி போட்டு, 1929ல மத்திய சாலை நிதி. 1934ல இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். 1943ல நாக்பூர் திட்டம். பெட்ரோல் வித்த காசுல ரோடு, அந்த ரோட்டுல இன்னும் அதிக பெட்ரோல். திருமங்கலத்துல இருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியா கொல்லம் போற நம்ம ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆச்சு. முன்னால 208, இப்ப 744.

தார் ரோடு தண்ணி குடிக்காது. விழுந்த மழை அப்படியே ஓடும். போற வழியில ரோட்டு மேல இருக்கிறதையெல்லாம் வழிச்சுக்கிட்டு ஓடும். சாணி போயி அந்த எடத்துக்கு என்னென்ன வந்துச்சுன்னு பாத்தா தலை சுத்துது.

ஈயம், டயர், பிரேக்

ஈயம்: 1921ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லிங்கிறவரு, இன்ஜின் 'டக்டக்'னு தட்டாம இருக்க பெட்ரோல்ல ஈயச் சேர்மம் கலக்கலாம்னு கண்டுபிடிச்சாரு. 1923ல விற்பனைக்கு வந்துச்சு. அது விஷம்னு அடுத்த வருஷமே தொழிலாளிங்க செத்து நிரூபிச்சாங்க. இருந்தும் உலகம் பூரா பல பத்து வருஷம் ஓடுச்சு. இந்தியாவுல 1995ல சென்னை உட்பட நாலு பெருநகரத்துல ஈயமில்லாத பெட்ரோல் வந்துச்சு. நாடு முழுக்க ஈயம் ஒழிஞ்சது 2000 பிப்ரவரி 1. கடைசி நாடு அல்ஜீரியா, 2021. ஈயம் மக்காது. புகையில போனது ரோட்டோர மண்ணுல உக்காந்துச்சு, மழையில குளத்துக்கும் ஓடைக்கும் போச்சு. நான் டவுசர் போட்டுக்கிட்டு ரோட்டோரம் கோலி ஆடுன காலம் பூரா ஈயக் காலம்தான். நெனச்சா இப்ப கொஞ்சம் பக்குங்குது.

டயர்: நாம டயர் தேய்ஞ்சு போச்சுன்னு சொல்றோமே, தேய்ஞ்சது எங்க போச்சுன்னு யாராவது கேட்டிருக்கோமா? ரோட்டு மேல கறுப்புத் தூளா கெடக்கு. ரப்பர் மட்டும் இல்ல, கார்பன் கரி, துத்தநாகம், இன்னும் நூத்துக்கணக்கான ரசாயனம்.

பிரேக்: மிதிக்க மிதிக்க தேயுற பிரேக் கட்டையில செம்பு இருந்துச்சு. அது மீனுக்கு ஆகாதுன்னு அமெரிக்காவுல வாஷிங்டன், கலிபோர்னியா ரெண்டு மாநிலமும் 2010ல சட்டம் போட்டு, படிப்படியா செம்பக் குறைக்க வச்சாங்க.

இது போக சொட்டுற ஆயில், டீசல், கிரீஸ். எங்க கிணத்துல வானவில் காட்டினது இந்தக் கூட்டம். உண்மையச் சொன்னா வானவில் நல்லவன். தான் இருக்கிறதக் கண்ணுக்குக் காட்டிருறான். மிச்சதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

பெருக்கினா போயிருமா?

1972ல அமெரிக்காவுல சார்ட்டர், பாய்டுன்னு ரெண்டு பேரு பல நகரங்கள்ல தெருவுத் தூசிய அள்ளி அளந்து ஒரு அறிக்கை குடுத்தாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. எடையில ரொம்பக் கம்மியா இருக்கிற மாவு மாதிரி நுண்தூசியிலதான் உலோகமும் மத்த அழுக்கும் அளவுக்கு மீறி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தெரு பெருக்குற வண்டி பெருங்குப்பையை எடுத்துரும், அந்த நுண்தூசியத்தான் விட்டுரும். அதாவது தெரு பாக்கச் சுத்தமா இருக்கும், அழுக்கு அங்கனயே இருக்கும்.

அங்க ஆலைக் கழிவுக்கும் சாக்கடைக்கும் கடுமையான தண்ணிச் சட்டம் வந்ததும் அதே 1972தான். மழைத்தண்ணியையும் கட்டுப்படுத்தணும்னு சட்டத்தத் திருத்த இன்னும் பதினஞ்சு வருஷம் ஆச்சு, 1987. ஆலைக்கு ஒரு குழாய் இருக்கு, ஒரு முதலாளி இருக்காரு, கேஸ் போடலாம். ரோட்டுத் தண்ணிக்கு யாரு முதலாளி? வண்டி ஓட்டுற நாம எல்லாரும். எல்லாரும் குற்றவாளின்னா கேஸ் நிக்காதே :-(

செத்த மீன் சொன்ன சாட்சி

சியாட்டில் பக்கம் கோஹோன்னு ஒரு சால்மன் மீன். கடல்ல வளந்து, முட்டை போட பிறந்த ஓடைக்கே திரும்பி வரும். ஊருக்குள்ள ஓடுற ஓடைகள்ல, மழை பெய்ஞ்ச கையோட, முட்டை போடுறதுக்கு முன்னாடியே வாயத் தொறந்து சுத்திச் சுத்திச் செத்துச்சு. சில ஓடையில வந்த மீன்ல பாதிக்கு மேல. பல வருஷம் காரணம் புரியல. ஈயமா, செம்பா, பூச்சிமருந்தான்னு ஒவ்வொண்ணா பாத்து எதுவும் ஒத்து வரல.

கடைசியில டயர்த் தூள ஊறவச்ச தண்ணியில இருந்த ஆயிரக்கணக்கான ரசாயனத்தப் பிரிச்சுப் பிரிச்சு, 2020 டிசம்பர்ல சயின்ஸ் இதழ்ல விடையச் சொன்னாங்க. டயர் வெடிச்சுப் போகாம இருக்க 6பிபிடின்னு ஒரு சரக்கு சேர்க்கிறாங்க. அது காத்துல இருக்கிற ஓசோனோட சேந்து 6பிபிடி-குயினோன்னு இன்னொண்ணா மாறுது. அதுதான் கொலைகாரன். ஒரு லிட்டர் தண்ணியில ஒரு மைக்ரோகிராமுக்கும் கம்மியா இருந்தாலே கோஹோ செத்துரும். அதே தண்ணியில சம்னு இன்னொரு சால்மன் தெம்பா நீந்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு மீன் உசிரோட இருக்குங்கிறதால தண்ணி நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்ல.

இந்தக் கதையில ஒரு நல்ல சேதியும் இருக்கு. அதே ரோட்டுத் தண்ணிய, மணலும் மக்கின உரமும் கலந்த மண்ணு வழியா இறக்கி வடிச்சு விட்டப்ப, கோஹோ சாகல. வேற மந்திரம் எதுவும் இல்ல, மண்ணுதான். இதப் படிச்சப்ப ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். 2003ல எங்க கூரைத் தண்ணிக்கு வச்ச ஜல்லி மணல் குழி கண்ணு முன்னாடி வந்துச்சு. சித்தப்பாவோட ஓடையில இல்லாதது அது ஒண்ணுதான்.

நம்ம கதை

நம்ம தண்ணி மாசு தடுப்புச் சட்டம் 1974. தமிழ்நாட்டுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982. சட்டத்தோட பார்வை பெரும்பாலும் ஆலைக் கழிவு மேலயும் சாக்கடை மேலயும்தான்.

மழைத்தண்ணி எண்ணெயச் சுமந்துக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு 2023 டிசம்பர்ல எண்ணூர்ல பாத்தோம். மிக்ஜாம் புயல் மழையில மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியில இருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துக்கு வந்துச்சு. வீட்டுச் சுவர்ல, படகுல, வலையில, அலையாத்தி மரத்துல எல்லாம் கறுப்பு. மீனவ ஜனங்க வாளியும் கையுமா அள்ளுனத டிவியில பாத்தப்ப, சித்தப்பா கிணத்துல எறங்கி எண்ணெய வழிச்சு வழிச்சு ஊத்துனது ஞாபகம் வந்துச்சு. அது ஆலை எண்ணெய், இது ரோட்டு எண்ணெய். சுமந்துட்டு வந்தது என்னமோ மழைதான். எண்ணூர்ல ஒரே நாள்ல வந்ததால உலகம் பாத்துச்சு. நம்ம ஊருகள்ல மழைக்கு மழை ஒரு கரண்டி வருது, யாரும் பாக்குறதில்ல.

குற்றாலத்தையே எடுத்துக்கோங்க. சாரல் சீசன்ல எம்புட்டு வண்டி! அருவியில சோப்பு, எண்ணெய் போடாதீங்கன்னு போர்டு வைக்கிறோம், சரிதான். வந்த வண்டி நிக்கிற எடத்துத் தண்ணியும் சாரல்ல கழுவிக்கிட்டுப் பள்ளத்துக்குத்தான் போகுது. பள்ளத்துல சிற்றாறு. அது தென்காசி தாண்டி, சீவலப்பேரியில தாமிரபரணியில சேருது. நம்ம புளியங்குடி ரோட்டுல ராத்திரி பூரா கேரளா லாரி. எலுமிச்சை லோடும் அதுலதான் போகுது, நம்ம சோறும் அதுலதான் வருது. லாரி வேண்டாம்னு சொல்ல நமக்கு வாய் கிடையாது.

குளத்துக்கு விடலாமா?

இப்ப எதுக்கு இதையெல்லாம் எழுதறேன்னா, எங்க பக்கம் வாறுகால கான்கிரீட் போட்டு நேரா குளத்துக்கு விட்டுறலாம்னு பேச்சு அடிபடுது. நல்ல எண்ணத்துலதான் பேசுறாங்க. குளம் நெறயும், ரோட்டுல தண்ணி நிக்காது. ரெண்டு மாங்கா.

எனக்குப் பயம் குளத்துத் தண்ணியப் பத்தி மட்டும் இல்ல, கரம்பையப் பத்தி. ஈயமும் துத்தநாகமும் தண்ணியில ரொம்ப நேரம் மெதக்காது, மண்ணோட சேந்து அடியில தங்கும். 2017ல குடிமராமத்துத் திட்டம் மறுபடி வந்தப்புறம் குளத்து வண்டல அள்ளி நிலத்துக்கு அடிக்கிறோம். அது நம்ம முப்பாட்டன் செஞ்ச நல்ல காரியம். ஆனா முப்பாட்டன் காலத்துக் கரம்பையில சாணி இருந்துச்சு. கான்கிரீட் வாறுகால்ல வந்து சேர்ற கரம்பையில டயர்த்தூள் இருக்கும். அது எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகும்.

அதுக்காக தண்ணிய விடாதீங்கன்னு சொல்ல முடியுமா? மழை மறைவுப் பிரதேசத்துல உக்காந்துக்கிட்டு தண்ணிய வேண்டாம்னு சொல்றவன் பைத்தியக்காரன். பழைய வரத்துக்கால் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சேன். வளைஞ்சு வளைஞ்சு வரும். புல்லும் கோரையும் சம்பும் மண்டிக் கெடக்கும். தண்ணி மெதுவா, நின்னு நின்னு, கசடக் கீழ போட்டுட்டு வரும். நாம அதத் 'தூர்ந்து போச்சு'ன்னு சொல்லி நேராக்கி கான்கிரீட் போடுறோம். தண்ணி சீக்கிரம் போகுது, அழுக்கும் சீக்கிரம் போகுது. சியாட்டில்காரன் மணலும் உரமும் போட்டு காசு செலவழிச்சுக் கட்டுறது, ஏறக்குறைய நம்ம புல்லு முளைச்ச பழைய வாய்க்கால்தான்.

ஆக நான் கேக்குறது மூணே மூணு. வாறுகாலுக்கும் குளத்துக்கும் நடுவுல கசடு தங்க ஒரு குழி வேணும், அதை வருஷம் ஒருக்கா அள்ளி, வயலுக்கு அடிக்காம தனியாப் போடணும். கடைசிக் கொஞ்ச தூரம் கான்கிரீட் இல்லாம மண்ணும் கோரையுமா விடணும். மொத மழையத் திருப்பி விட ஒரு பலகை வேணும். மூணாவது எங்க ஆச்சியோட ஐடியா :-)

இதெல்லாம் எல்லா விஷத்தையும் நிறுத்தாது. கரைஞ்சு வர்றதுல கொஞ்சம் தப்பிச்சுப் போகத்தான் செய்யும். ஆனா ஒண்ணுமில்லாம நேரா விடுறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் எங்க கிணத்துக்குத் தெரியும்.

போன வாரம் சித்தப்பாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். ரோடு மாறுன கதை, ஈயம், மீன் செத்தது, மண்ணுல வடிச்சா பொழைச்சது எல்லாம். இப்ப அவருக்கு எழுவது தாண்டிருச்சு. பேசாம கேட்டாரு. கடைசியா, "அப்ப ஒரு வண்டி மணலு போட்டிருந்தா சரியாப் போயிருக்குமாடே?"ன்னு கேட்டாரு.

"முழுசா இல்ல சித்தப்பா. கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்"னேன்.

கொஞ்ச நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "குளத்து விஷயமா கூட்டம் போட்டாங்கன்னா என்னையும் கூப்பிடு"ன்னாரு. இருபது வருஷத்துல அவர் வாயில கிணத்துப் பேச்சு வந்தது அதான் மொத தடவை.

உங்க ஊர்ல ரோட்டுத் தண்ணி எங்க போய் விழுதுன்னு அடுத்த மழையில ஒரு குடையப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்ல, ரசாயனமும் படிக்கல. ஒரு கிணறு பாழானதால படிக்க ஆரம்பிச்சவன். தப்பு இருந்தா தயங்காமச் சொல்லுங்க, திருத்திருவோம்.